புரூஸ் தீபகற்பத்தின் சுண்ணாம்புப் பாறைக் கரைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

மூன்று வருடங்களுக்கு முன் ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மாமா, மாமி, இரண்டு பிள்ளைகள், பின்பெட்டி நிறையக் கட்டுச்சோறு என்று ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, பதினொன்றரைக்குப் பிறகு, ஒன்ராறியோவின் புரூஸ் தீபகற்பத் தேசியப் பூங்காவில் உள்ள சைப்ரஸ் ஏரி வீதியின் வாசலை அடைந்தோம். வருடாந்த அனுமதி அட்டையைப் பெருமையோடு நீட்டினேன். அங்கிருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "வாகனத் தரிப்பிடத்துக்கான பதிவு எங்கே?" என்று மரியாதையாகக் கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வாகனத்தைத் திருப்பிக்கொண்டு டொபர்மோரித் துறைமுகத்துக்குப் போய், கடற்கொக்குகளுக்குப் பயந்து பயந்து சோற்றுப் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, பார்க்கப் போன குரோட்டோ குகையைக் கண்ணாலும் காணாமல் வீடு திரும்பினோம். தவறு முழுவதும் என்னுடையது. அதற்கடுத்த வருடம் பதிவோடு போய் நேரத்தைத் தவறவிட்டேன், மூன்றாவது தடவைதான் காரியம் ஒழுங்காக நடந்தது. இனிப் போகிறவர்கள் முதல் தடவையிலேயே அதைச் செய்துகொள்ளலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. எந்த இடத்துக்குப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

"டொபர்மோரிக்குப் போகிறோம்" என்று நம்மவர்கள் சொல்லும்போது பெரும்பாலும் மனதில் இருப்பது குரோட்டோ குகை. அது டொபர்மோரி ஊரில் இல்லை. ஊருக்கு ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தெற்கே, ஆறாம் இலக்க நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சைப்ரஸ் ஏரி வீதியின் வழியாகவே அதற்குப் போக வேண்டும். பூங்காவின் வரவேற்பு நிலையமோ ஊருக்கு அருகில் இருக்கிறது. வழிகாட்டிச் செயலியில் பூங்காவின் பெயரை மட்டும் தட்டச்சுச் செய்தால் அது உங்களை வரவேற்பு நிலையத்தில் கொண்டுபோய் விடக்கூடும். நேரம் குறித்த பதிவை வைத்திருப்பவருக்கு அந்த இருபது நிமிடம் பெரிய நட்டம். ஆகவே சைப்ரஸ் ஏரி வீதியின் பெயரையே கொடுங்கள்.

இந்தப் பூங்கா ஏறக்குறைய 150 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. அதன் இரண்டு கரைகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். கிழக்கே, ஹூரோன் ஏரியின் ஜோர்ஜியன் விரிகுடாப் பக்கத்தில், நயாகரா நீர்வீழ்ச்சியைத் தாங்கும் அதே செங்குத்துச் சரிவின் பாறைகள் நேரே தண்ணீருக்குள் இறங்குகின்றன. குரோட்டோவும், அதற்கு அருகிலுள்ள இந்தியன் ஹெட் குடாவும், ஹாஃப்வே லொக் டம்ப் என்ற கற்பாறைக் கரையும் இந்தப் பக்கத்தவை. மேற்கே, ஹூரோன் ஏரியின் திறந்த பக்கத்தில், நிலம் மெதுவாகச் சரிந்து மணலும் சதுப்புமாக முடிகிறது. அங்குள்ள சிங்கிங் சாண்ட்ஸ் கரையில் முழங்கால் அளவுத் தண்ணீர் வெகுதூரம் போகும். நடக்கச் சிரமப்படும் முதியவர்களும் மிகச் சிறு பிள்ளைகளும் உங்களோடு வந்தால், நான் சொல்வது யாருக்கும் பிடிக்காவிட்டாலும் சொல்கிறேன்: குரோட்டோவை விட்டுவிட்டு அந்த மணற்கரைக்குப் போங்கள். அங்கே சதுப்பின் மேல் போட்டிருக்கும் பலகைப் பாதையில் நின்றபடியே பூச்சிகளைப் பிடித்துண்ணும் தாவரங்களைக் காட்டலாம். என் மகள் குகையைவிட அதைத்தான் அதிகம் நினைவில் வைத்திருக்கிறாள்.

பூச்சாடி வடிவப் பாறைத் தூண்கள் நிற்கும் ஃபிளவர்பொட் தீவு வேறு பயணம். அது ஃபாதம் ஃபைவ் தேசியக் கடற்பூங்காவைச் சேர்ந்தது. டொபர்மோரியிலிருந்து தனியார் படகில் போக வேண்டும், அதற்கான சீட்டும் நேரமும் தனி. குகையையும் தீவையும் ஒரே நாளில் ரொறன்ரோவிலிருந்து போய்ப் பார்த்துத் திரும்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2. தரிப்பிட முன்பதிவு: இதுதான் உண்மையான நுழைவுச்சீட்டு

மே மாதம் முதல் ஒக்ரோபர் முடிய, குரோட்டோவுக்குப் போகும் ஒவ்வொரு வாகனத்துக்கும் நான்கு மணி நேரத் தரிப்பிடம் ஒன்றை, தேசியப் பூங்காக்களை நடத்தும் பார்க்ஸ் கனடாவின் முன்பதிவுத் தளத்தில் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். ஹாஃப்வே லொக் டம்ப் கரைக்கும் இதேபோலத் தனிப் பதிவு வேண்டும். ஒன்றுக்கு எடுத்த பதிவு மற்றதற்குச் செல்லாது. எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதைவிட எத்தனை வாகனங்கள் என்பதுதான் இங்கே கணக்கு. இரண்டு குடும்பம் இரண்டு வாகனத்தில் போனால் இரண்டு பதிவு, அதுவும் ஒரே நேரப் பகுதியில் கிடைத்தால்தான் சேர்ந்து நடக்கலாம். மச்சானின் வாகனத்தைப் பின்தொடர்ந்து உள்ளே போய்விடலாம் என்ற எண்ணம் வாசலிலேயே முடிந்துவிடும்.

புதிய பருவத்துக்கான பதிவு ஆண்டின் தொடக்க மாதங்களில், முன்னரே அறிவிக்கப்படும் ஒரு நாளில் திறக்கிறது. அந்த நாளுக்குப் பல நாட்கள் முன்னரே தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள். திறக்கும் காலையில் கணக்குத் தொடங்க முயன்று, உறுதிப்படுத்தும் மின்னஞ்சலுக்குக் காத்திருந்தே இடத்தைப் பறிகொடுத்தவர்களில் நானும் ஒருவன். அன்று காலை தளம் உங்களை ஒரு காத்திருப்பு அறையில் வைக்கும். பதிவு திறக்கும் கணத்தில் அறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வரிசை எண் குலுக்கல் முறையில் கிடைப்பதால், விடிய நான்கு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பதில் எந்தப் பயனும் இல்லை, ஆனால் திறந்த பிறகு வருபவர் வரிசையின் கடைசியில்தான் நிற்பார். அரை மணி நேரம் முன்னால் போதும்.

அன்று கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். பலர் திட்டம் மாறிப் பதிவை இரத்துச் செய்கிறார்கள், அந்த இடங்கள் திரும்பவும் தளத்தில் தோன்றுகின்றன. காலநிலை அறிக்கை மழை என்று சொல்லும் வாரத்தில், பயணத்துக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னால், இரவில் திரும்பத் திரும்பப் பாருங்கள். எனக்கு மூன்றாவது தடவை கிடைத்தது அப்படித்தான். சொன்ன மழையும் பெய்யவில்லை.

நான்கு மணி நேரம் என்பது தாராளமாகத் தெரியும், ஆனால் அது தரிப்பிடத்துக்குரிய நேரம். வாசலில் நிற்பதும், கழிப்பறைக்குப் போவதும், தரிப்பிடத்திலிருந்து கரைக்கு அரை மணி முதல் முக்கால் மணி வரை நடப்பதும், அதே அளவு நேரம் திரும்பி நடப்பதும் அதற்குள் அடக்கம். மாமி போன்றவர்களோடு நடந்தால் ஒரு வழிக்கே ஒரு மணித்தியாலம் வையுங்கள். கரையில் உண்மையில் மிஞ்சுவது இரண்டு மணி நேரம். இரண்டாவது தடவை நான் வழியில் ஒரேஞ்ச்வில்லில் கோப்பிக்கு நின்று, வையாட்டனில் பெற்றோலுக்கு நின்று, ஒன்றரை மணி நேரம் பிந்திப் போனேன். குகையின் விளிம்புக்குப் போய் ஒரு படம் எடுத்ததும் திரும்பி நடக்க வேண்டியதாயிற்று.

3. எந்தப் பணம் எதற்கு

குழப்பம் இங்கேதான் வருகிறது, ஏனென்றால் மூன்று வேறு தொகைகள் ஒரே பயணத்தில் சேர்கின்றன. முதலாவது பூங்கா நுழைவுக் கட்டணம்: வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பத்து டொலருக்குள் அடங்கும், 17 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு இலவசம். இரண்டாவது வாகனத் தரிப்பிடக் கட்டணம். மூன்றாவது பதிவு செய்வதற்கான சேவைக் கட்டணம். பதிவை இரத்துச் செய்யும்போது இது திரும்பி வராது என்று எண்ணிக்கொண்டே எடுங்கள்.

வருடாந்த அனுமதி அட்டை முதலாவது தொகையை மட்டுமே ஈடுசெய்கிறது. 2024ஆம் ஆண்டில் ஒரே வாகனத்தில் வரும் ஏழு பேர் வரைக்குமான குடும்ப அட்டை 151.25 டொலர். இரண்டு வளர்ந்தவர்களும் பிள்ளைகளும் உள்ள குடும்பம் வருடத்தில் ஒரே ஒரு தடவை இந்தப் பூங்காவுக்கு மட்டும் போவதானால் அந்த அட்டை நட்டம். மேற்கே பான்ஃப் தேசியப் பூங்காப் பக்கம் ஒரு வாரம் போகும் வருடத்தில் வாங்கினால் இலாபம். 2025 கோடையில் ஜூன் 20 முதல் செப்ரெம்பர் 2 வரை எல்லாத் தேசியப் பூங்காக்களிலும் நுழைவு இலவசமாக்கப்பட்டபோதும் தரிப்பிடப் பதிவு கட்டாயமாகவே இருந்தது. இலவசம் என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டுப் புறப்படுகிறவர்களுக்கு என் கதைதான் நேரும்.

அண்மையில் நிரந்தர வதிவுரிமையோ குடியுரிமையோ பெற்றவர்களுக்குக் கனூ என்ற இலவசச் செயலி இருக்கிறது. வதிவுரிமை பெற்று முதல் ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்கள் அதில் பதிந்துகொண்டால் தேசியப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. நம்மவர்களில் பலர் இதை அறியாமலே ஐந்து வருடத்தையும் கடந்துவிடுகிறார்கள். சரிபார்ப்புக்கு நாள் எடுக்கலாம் என்பதால் பயணத்துக்கு முந்திய இரவில் தொடங்காதீர்கள். இந்த வசதியும் தரிப்பிடப் பதிவுக்கு மாற்று ஆகாது.

4. கையில் இருக்க வேண்டியவை

பதிவு உறுதிப்படுத்திய மின்னஞ்சலைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள், அல்லது குறைந்தபட்சம் கைத்தொலைபேசியில் படமாகச் சேமியுங்கள். சைப்ரஸ் ஏரிப் பக்கத்தில் அலைத்தொடர்பு நம்பத் தகுந்ததல்ல. வாசலில் நின்றுகொண்டு மின்னஞ்சலைத் தேடிச் சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். பதிவுசெய்தவரின் பெயருள்ள அடையாள அட்டை, அனுமதி அட்டை அல்லது கனூ செயலியின் பக்கம், வாகனத்தின் இலக்கத்தகடு எண் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துக்கொண்டால் வாசலில் இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். வாடகை வாகனத்தில் போகிறவர்கள் அன்று காலை கிடைக்கும் வாகனத்தின் இலக்கத்தை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோல், வையாட்டனைக் கடக்குமுன் நிரப்பப்பட்டிருக்க வேண்டும்.

5. மாதமும் மணியும்

ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர். நிற்காமல் ஓடினால் நான்கு மணி நேரம், கோடைச் சனிக்கிழமையில் ஐந்து. நாளின் முதல் நேரப் பகுதியை எடுப்பதானால் முதல் நாள் இரவே அந்தப் பக்கத்தில் தங்க வேண்டும். பின்னேரப் பகுதி ஒரே நாளில் போய்வருகிறவர்களுக்குப் பொருந்தும், ஆனால் திரும்பி வரும் இருட்டில் மான்கள் நெடுஞ்சாலையைக் கடக்கும்.

மே இறுதியிலும் ஜூனிலும் பூங்காவில் ஓர்க்கிட் மலர்கள் பூக்கின்றன. இந்தத் தீபகற்பத்தில் அவற்றில் 40க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. அதே வாரங்களில் கொசுவும் கரும்பூச்சியும் நம்மைத் தின்னும். ஜூலை, ஓகஸ்டில் கூட்டம். என்னைக் கேட்டால் செப்ரெம்பர் நடுப்பகுதியின் ஒரு வார நாள்தான் சிறந்தது. தண்ணீரின் வெப்பநிலை அப்போதும் வெயிற்கால அளவிலேயே இருக்கும், பாறையில் உட்கார இடமும் கிடைக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பதிவு தேவையில்லை, ஆனால் பனியில் உறைந்த பாறை விளிம்பு புதியவர்களுக்குரிய இடமல்ல.

6. பாறையில் கால்வைக்குமுன்

பாதை காட்டுக்குள் அகலமாகவும் சமமாகவும் தொடங்குவதால் பலர் செருப்போடு நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கரையை அடைந்ததும் வேறு உலகம். குகைக்குள் இறங்க வேண்டுமானால் கையையும் ஊன்றிப் பாறையில் ஏறி இறங்க வேண்டும். கைப்பிடியோ படியோ இல்லை. அடிபிடிப்புள்ள சப்பாத்து கட்டாயம். மாமி விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் போங்கோ, நான் இதிலே இருக்கிறன்" என்று ஒரு தட்டைக் கல்லில் உட்கார்ந்தார். அன்று அவர் எடுத்ததுதான் எங்களில் மிகச் சரியான முடிவு.

இந்தப் பாறை மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல். 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில் படிந்தது. கடினமான மேலடுக்கின் கீழே மென்மையான அடுக்குகளை அலை அரித்துக் குடைவதால்தான் குகைகள் உண்டாகின்றன, மேலே நிற்கும் விளிம்பு ஒருநாள் விழுகிறது. ஃபிளவர்பொட் தீவில் மூன்றாவதாக நின்ற தூண் 1903இல் சரிந்தது. எனவே படத்துக்காகத் தொங்கும் விளிம்பின் நுனிக்குப் போகாதீர்கள்: உங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கல்லின் குணம் புதிதல்ல. நிலாவரைக் கிணற்றைப் போல இங்கும் தண்ணீர் கல்லுக்குள் வழி தேடிக்கொள்கிறது, அருகிலுள்ள மார் ஏரியின் நீர் கற்குவியலுக்கு அடியால் கசிந்து விரிகுடாவைச் சேர்கிறது.

இனி, அங்கே யாரும் சொல்லித் தராத ஒன்று. பாறை விளிம்பில், கல்வெடிப்பில் வேரைச் செருகிக்கொண்டு, முறுகி வளைந்து, சில வேளை தலைகீழாகத் தொங்கியபடி நிற்கும் சிறிய சீடர் மரங்களைக் காண்பீர்கள். கை மணிக்கட்டளவே தடிப்பு. ஏறும்போது கைக்கு வாகாக இருப்பதால் எல்லோரும் அவற்றைத்தான் பிடிக்கிறார்கள். பாதையோரத்து மரங்களின் வேர் பட்டை உரிந்து, மேசைக்கால் போல வழவழத்துப் போயிருப்பதை நான் தொட்டுப் பார்த்தேன். 1988இல் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நயாகரா செங்குத்துச் சரிவின் பாறைமுகங்களில் வளரும் இந்த மரங்களின் வளையங்களை எண்ணத் தொடங்கியபோது, அவற்றில் பல நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வயதானவை என்றும், ஒருசில மரங்கள் ஆயிரம் ஆண்டையும் தாண்டியவை என்றும் தெரியவந்தது. மேலேயுள்ள காட்டை மரம்வெட்டிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வழித்தெடுத்து, கட்டைகளைப் பாறையிலிருந்து தண்ணீருக்குள் தள்ளிக் கொண்டுபோனார்கள். ஹாஃப்வே லொக் டம்ப் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. கோடரியும் தீயும் எட்டாத செங்குத்துச் சுவரில் நின்றதால் மட்டும் தப்பியவை இவை. ராஜராஜன் காலத்தில் முளைத்த ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறுகிறோம் என்பதை நினைத்தால் கை தானாகப் பாறையைத் தேடும். பாறையைத்தான் பிடிக்க வேண்டும், மரம் பெயர்ந்தால் நீங்களும் விழுவீர்கள்.

பாதைக்கு வெளியே தட்டைக் கல்லின் மேல் விரல் தடிப்பு மண்ணில் வளரும் பாசியும் செடியும் மிதிபட்டால் மீள நீண்ட காலம் எடுக்கும். தரிப்பிடங்களை மணிக்கணக்கில் அளந்து கொடுப்பதை நான் முதலில் அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைத்தேன். வேர்களைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதில்லை.

பாம்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்ராறியோவின் ஒரே நச்சுப் பாம்பான மசசோகா கிலுகிலுப்பைப் பாம்பு இங்கே வாழ்கிறது. அது பாதுகாக்கப்பட்ட இனம். காட்டில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாமலும் காலை வைக்காமலும் இருந்தால் அது உங்களைத் தேடி வராது. கிலுகிலுப்புச் சத்தம் கேட்டால் நின்று, எங்கே இருக்கிறது என்று பார்த்து, மெதுவாகப் பின்வாங்குங்கள். கடித்தால் கட்டுப்போடுவதும் வெட்டி உறிஞ்சுவதும் கூடாது. அசையாமல் வைத்து 911ஐ அழைத்து வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கருங்கரடிகளும் உள்ளதால் சாப்பாட்டை வெளியே விட்டுவிட்டு நடக்காதீர்கள். பாதையோரத்து மூன்றிலைச் செடியைத் தொடாதீர்கள், அது தோலை எரிக்கும் நச்சுக்கொடியாக இருக்கலாம்.

7. தண்ணீர்

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். யூலையிலும் அந்த நீர் எலும்பைத் தொடும் குளிர். பாறையிலிருந்து குதிப்பவர்களைக் காண்பீர்கள், நீங்கள் குதிக்காதீர்கள். குளிர்நீர் பட்ட கணத்தில் மூச்சு தன் வசமின்றி உள்ளிழுக்கும், நல்ல நீச்சற்காரரும் அதில்தான் மூழ்குகிறார். குகைக்குள் நீருக்கடியில் ஒளி வரும் ஒரு திறப்பு விரிகுடாவுக்குப் போகிறது. அதன் வழியே நீந்திப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்களைத் தடுத்து நிறுத்துங்கள். உயிர்காப்பாளர் எவரும் அங்கே இல்லை.

8. பதிவு கிடைக்கவே இல்லை என்றால்

சைப்ரஸ் ஏரி முகாமில் இரவு தங்க இடம் கிடைத்தவர்கள் தங்கள் கூடாரத்திலிருந்தே குரோட்டோவுக்கு நடந்து போகலாம், தனித் தரிப்பிடப் பதிவு வேண்டாம். விடியற்காலை ஆறு மணிக்கு எவரும் இல்லாத கரையைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. முகாம் இடங்களும் வேகமாகவே தீரும். வாகனம் இல்லாதவர்களுக்கு ரொறன்ரோவிலிருந்து குறிப்பிட்ட நாட்களில் பார்க்பஸ் என்ற பேருந்துச் சேவை ஓடுகிறது.

செய்யக்கூடாத ஒன்று, நெடுஞ்சாலையோரத்தில் வாகனத்தை விட்டுவிட்டு உள்ளே நடப்பது. தண்டச்சீட்டு நிச்சயம், வாகனத்தை இழுத்துக்கொண்டு போகவும் கூடும். அதற்குப் பதிலாக வரவேற்பு நிலையத்துக்குப் போய், 20 மீற்றர் உயரக் காட்சிக்கோபுரத்தில் ஏறிப் பாருங்கள். காடும் பாறையும் தீவுகளும் சேர்ந்து ஒரே பார்வையில் தெரியும் இடம் அதுதான்.

திரும்பும்போது வாகனத்தில் ஏறுமுன் இரண்டு வேலை உண்டு. எல்லோருடைய கணுக்கால், முழங்கால் மடிப்பு, கழுத்தோரம் ஆகியவற்றில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிள்ளைகளின் காற்சட்டைப் பைகளைச் சோதியுங்கள். தேசியப் பூங்காவிலிருந்து கல்லையோ பூவையோ எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம். என் மகனின் பையிலிருந்து வெள்ளைக் கூழாங்கற்கள் ஏழும் பவளம் பதிந்த ஒரு துண்டும் வெளிவந்தன. தரிப்பிட நேரம் முடிய இருபது நிமிடமே இருந்தது. அவனை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் ஓடிப்போய் அவற்றைப் போட்டுவிட்டு வந்தோம்.